தேர்வுகளில் தேறினால் மட்டும் தொழில்முறைக் கணக்காளர் ஆகிவிட முடியாதா?

முடியாது. தேர்வுகளோடு, மேற்பார்வையில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். பல நாடுகளில் உறுப்பினர்களைக் கொண்ட ஏசிசிஏ (ACCA) என்ற கணக்காளர் அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் 100க்கு 50 எடுக்க வேண்டும். அதுபோக 36 மாதப் பணி அனுபவம், தொழில் நெறிமுறைப் பயிற்சி. எல்லாம் முடிந்த பிறகுதான் உறுப்பினராக முடியும்.

பணி அனுபவம் எதற்கு? ரொக்கப் புத்தகத்துக்கும் வங்கி அறிக்கைக்கும் 270 வித்தியாசம் வருகிறது என்று வையுங்கள். புதியவர் முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டத் தொடங்குவார். பழகியவர் முதலில் அதை 9ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். தேடினால் 4,520ஐ 4,250 என்று பதிந்திருப்பது கண்ணில் படும். இந்த வழி பாடப்புத்தகத்திலும் இருக்கிறதுதான். ஆனால் மாதக் கடைசியில், கணக்கை முடிக்கச் சொல்லி மேலதிகாரி காத்திருக்கும்போது சட்டென்று நினைவுக்கு வருவது பழக்கத்தால்தான்.

சரி, தேர்வா அனுபவமா, எதை முதலில் செய்வது? முடிந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். பகலில் பார்த்த தேய்மானப் பதிவை (சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் கணக்கில் எழுதுவது) இரவில் படித்தால் அது மறக்கவே மறக்காது. அப்புறம், செய்த வேலையை அவ்வப்போதே எழுதி மேற்பார்வையாளரின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு.