புயல் போன பிறகு வந்த வெள்ளம்

கேள்வி: ஒரு புயலால் கடலின் பெரிய நீரோட்டத்தையே அசைக்க முடியுமா? பருவநிலையையும் அது பாதிக்குமா? (தேனி வாசகர்)

பதில்: முடியும். 2016 அக்டோபரில் மேத்யூ புயல் ஃபுளோரிடா கரையை ஒட்டியே வடக்கே போனது. அட்லாண்டிக்கின் பெரிய நீரோட்டமான வளைகுடா நீரோட்டம் (கல்ஃப் ஸ்ட்ரீம்) ஓடுவதும் அந்தப் பக்கம்தான். விநாடிக்கு 3 கோடி கன மீட்டருக்கு மேல் நீர் சுமக்கும் அந்த ஓட்டம் புயலுக்குப் பின் வெகுவாகத் தளர்ந்தது. அதை அளந்த விதம்தான் எனக்குப் பிடித்த சங்கதி: ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே கடலடியில் கிடக்கும் தொலைபேசிக் கேபிள்! உப்புநீர் பூமியின் காந்தப்புலத்தில் ஓடும்போது உண்டாகும் மின்னழுத்தத்தை அந்தக் கேபிளில் அளந்து, ஓட்டத்தின் அளவைக் கணக்கிட்டார்கள்; 1982 முதல் பல பத்தாண்டுகள் இப்படித்தான்.

ஓட்டம் வேகமாக இருக்கும்வரை கரைப்பக்கம் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும், தளர்ந்தால் உயரும். காற்று அடங்கிய பிறகும் அமெரிக்கக் கிழக்குக் கரையில் கடல்நீர் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பருவநிலையா? புயல் கடலை மத்து போட்டுக் கடைகிறது. குளிர்நீர் மேலே வர, வெப்பம் கீழே போகிறது. பெரிய நீரோட்டங்களை உந்துவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு என்று 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக விஞ்ஞானி கெர்ரி இமானுவேல் வாதிட்டார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. குளிர்காலத்தில் அந்த வெப்பத்தில் கணிசமான பகுதி காற்றுக்கே திரும்பிவிடுகிறது என்பவர்களுக்குத்தான் என் ஓட்டு.