ஞாயிறு மாலை விமானத்துக்கு விடுப்பு உண்டா?

கேள்வி: என் மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அங்கே மத்திய அரசு வேலையில் இருக்கிறாள். திங்கள் காலை வெளியூரில் கூட்டம் என்றால் ஞாயிறு மாலையே விமானம் ஏற வேண்டும். செவ்வாய் வேலை முடித்து இரவில் திரும்புவாள். போன வருடம் இப்படி எட்டு முறை. அதற்கு ஈடாக விடுப்பு உண்டாம். "உட்கார்ந்து போனதுக்கெல்லாம் லீவு கேட்டா நல்லா இருக்காதும்மா" என்கிறாள். லீவு இல்லை என்று ஒன்பதே நாளில் கிளம்பிவிட்டாள். புனலூரில் இருக்கும் பாட்டியைக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொல்வது சரிதானா?
- ஒரு தாய், செங்கோட்டை

பதில்: அம்மா, உங்கள் மகள் கேட்கத்தான் வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

நானும் அரசு ஊழியனாக இருந்தவன்தான். உங்கள் ஊர் ஸ்டேஷனில்தான் ஞாயிறு சாயங்காலம் பொதிகையில் ஏறுவேன். கோப்புகள் இருந்த மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தால், விடியும்போது எழும்பூர். பத்து மணிக்குக் கூட்டம். டிக்கெட் காசு பயணப்படியில் வந்துவிடும். பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டிய ஞாயிறு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு அந்த நிலை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 2004இல் சட்டமே போட்டு, 2005 ஜனவரி 28 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அலுவலக உத்தரவின்பேரில் வெளியூர் போகும்போது, வேலை நேரத்துக்கு வெளியே பயணத்தில் கழியும் நேரத்துக்கு வேறு சம்பளம் இல்லையென்றால், மணிக்கு மணி ஈட்டு விடுப்பு. மிக உயர்ந்த நிர்வாகப் பதவிகளுக்கும் தபால் துறைக்கும் இது கிடையாது. மற்றபடி பெரும்பாலோருக்கு உண்டு. நிபந்தனைகள் பொருந்தினால் மேலதிகாரி மனம் வைத்துக் கொடுக்கும் சலுகை அல்ல இது, உரிமை.

எதெல்லாம் கணக்கில் வரும்? விமானத்தில் இருக்கும் நேரம் வரும். விமான நிலையத்தில் வழக்கமாகக் காத்திருக்கும் நேரமும் வரும். அது எவ்வளவு என்பதை அவரவர் துறை முடிவு செய்யும். சாப்பாட்டு நேரத்தைக் கழித்துவிடுவார்கள். பணியிட எல்லைக்குள்ளேயே இருக்கும் விமான நிலையத்துக்கு வீட்டிலிருந்து போகும் நேரம் சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஞாயிறு மாலை 4 மணிக்கு விமான நிலையம், இரவு 10க்கு விடுதி. சாப்பாட்டுக்கு அரை மணி போக ஐந்தரை மணி நேரம். திரும்பும்போதும் அவ்வளவே என்றால் ஒரு பயணத்துக்கு 11 மணி, எட்டுப் பயணத்துக்கு 88 மணி. ஒரு நாளைக்கு எட்டு மணி வேலை என்று வகுத்தால் 11 வேலை நாள்! அவள் உங்களோடு இருந்ததே ஒன்பது நாள்தானே.

ஆனால் தானாக யாரும் வரவு வைக்க மாட்டார்கள். ஊர் திரும்பியதும், துறை சொல்லும் கெடுவுக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு தப்பினால் மறுக்க இடமுண்டு. வரவு வைத்ததையும் 26 சம்பளக் காலத்துக்குள், அங்கே இரண்டு வாரத்துக்கொரு சம்பளம் என்பதால் சுமார் ஒரு வருடத்துக்குள், எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் காலாவதி. பணமாகவும் மாற்ற முடியாது. வேலை நெருக்கடியால் எடுக்க முடியாமல் போனால் மட்டும் துறை கெடுவை நீட்டிக்கலாம்.

பழைய பயணங்களில் சிலவற்றுக்குக் கெடு முடிந்திருக்கலாம். இருந்தாலும் நேரக்கணக்கு பார்ப்பவரிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கட்டும். அடுத்த பயணம் முதல், கிளம்பும் முன்பே மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை அப்படியே படம் எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஜூலையில் குற்றாலத்தில் சாரல் இருக்கும்போது வந்தாள் என்றால், காலையில் பஸ் ஏறி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய், பாட்டி வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரலாம்.