சாலஞ்சர் மெயின் ட்ரா ஏன் வரல?

அமெரிக்க காலேஜ் டென்னிஸ்ல ஐடிஏ (காலேஜ் டென்னிஸ் சங்கம்) ரேங்க் 14 இருந்தும், சாலஞ்சர்ல (ஏடிபி டூருக்கு அடுத்த நிலை தொழில்முறை போட்டி) மெயின் ட்ரா, அதாவது நேரடி இடம், தராம குவாலிஃபயிங், அதாவது தகுதிச் சுற்று, தான் ஏன் குடுத்தாங்கன்னு கேட்டீங்க, அது தப்பில்ல தம்பி, 2023ல ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) காலேஜ் வீரர்களுக்காகக் கொண்டு வந்த அக்சலரேட்டர் திட்டத்துல ஐடிஏ ரேங்க்ல முதல் 10 பேருக்குத்தான் மெயின் ட்ரா, 11லேருந்து 20 வரைக்கும் குவாலிஃபயிங்.

சீசன் நடுவுல டாப் 10ல இருந்திருப்பீங்க, அத நம்பிட்டீங்க போல. காலேஜ் சீசன் முடிஞ்சப்புறம் வர்ற கடைசி ஐடிஏ லிஸ்ட்தான் கணக்கு, அத எடுத்து ஒரு தடவ பாருங்க.

குவாலிஃபயிங்னு மூஞ்சத் தூக்காதீங்க, ரெண்டு மேட்ச் ஜெயிச்சா மெயின் ட்ரா.

ஆனா ரூல்ஸ் மாறிட்டே இருக்கு, என்ட்ரி போடுறதுக்கு முன்னாடி இந்த வருஷத்து விதிய கோச்சோட உக்காந்து படிச்சிடுங்க.