பொறுப்பும் பொன்னாடையும்

கேள்வி: ஜூலை 1 முதல் எங்கள் சேவைச் சங்கத்துக்குத் தலைவராகிறேன். கூட்டத்துக்கு முப்பது பேர் வருகிறார்கள். களப்பணிக்கு ஐந்து பேர்கூட வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஊதியம் பெறாதவர்களை அதட்டி வேலை வாங்க இயலாது, "எல்லோரும் வாருங்கள்" என்ற பொது அழைப்புக்கும் எவரும் அசைவதில்லை. காசிமேட்டில் கண் பரிசோதனை முகாம் என்றால், துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் ஓய்ந்த பிறகு தொடங்குமாறு நேரத்தைக் குறித்து, பதிவேட்டை ஒருவரிடமும், வரிசையில் நிற்கும் முதியவர்களுக்கு நாற்காலி போடுவதை இன்னொருவரிடமும் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் பதவி ஆண்டு ஜூன் 30உடன் முடிந்துவிடுவதைப்போல உங்களுக்கும் ஓராண்டுதான் என்றால், அடுத்த தலைவரை இப்போதே உடன் அழைத்துச் செல்லுங்கள். கணக்கை மாதந்தோறும் கூட்டத்தில் வாசியுங்கள், பொன்னாடைச் செலவு உட்பட.