கென்ட் கப்பல் எரிந்த கதை: கேள்வி பதில்

1825-இல் பிரான்ஸ், ஸ்பெயின் கரைகளை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவில் எரிந்துபோன கென்ட் கப்பலைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

வரலாற்று மாணவி: 1800-இல் பிரெஞ்சுக்காரர் சர்கூஃப் வங்காள விரிகுடாவில் பிடித்த கென்ட் இதுதானே?

இல்லை, அது பழைய கென்ட். இது 1820-இல் கட்டப்பட்டது, சுமார் 1,350 டன்.

கடலூர்க்காரர்: கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தக் கப்பலா?

கம்பெனிக்காக ஓடிய கப்பல். அப்படி ஓடிய பெரிய கப்பல்கள் பெரும்பாலும் லண்டன் முதலாளிகளுடையவை, கம்பெனி வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். கென்ட் இரண்டு முறை பம்பாய் வழியாகச் சீனா போய் வந்தது. மூன்றாவது பயணம் வங்காளத்துக்கும் சீனாவுக்கும். 1825 பிப்ரவரியில் கிளம்பியபோது 31-ஆம் ரெஜிமென்ட் சிப்பாய்கள், அவர்கள் குடும்பங்கள், பயணிகள், மாலுமிகள் என 641 பேர் இருந்தார்கள்.

இன்னொருவர்: தீ எப்படிப் பிடித்தது?

மார்ச் 1 காலை. புயலில் கப்பல் பயங்கரமாக ஆடியது. அடித்தட்டில் பீப்பாய்கள் நகர்கின்றனவா என்று பார்க்க ஓர் அதிகாரி விளக்கோடு இறங்கினார். ஒரு சாராயப் பீப்பாய் நழுவியதைப் பார்த்து, அதைத் தாங்கிப்பிடிக்க ஆட்களைக் கூப்பிடும் நேரத்தில் கப்பல் ஒரு பக்கம் சாய, விளக்கு கைநழுவியது. பீப்பாயும் உடைந்துவிட்டது. அப்புறம் சொல்லவா வேண்டும்? அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இருட்டான அடித்தட்டில் விளக்கில்லாமல் என்ன பார்க்க முடியும்?

பட்டாசு ஆலைத் தொழிலாளி: வெடிமருந்து இருந்திருக்குமே, உடனே ஏன் வெடிக்கவில்லை?

இதுதான் முக்கியமான கேள்வி. கேப்டன் ஹென்றி காப் கீழ்த்தட்டின் திறப்புகளைத் திறந்து கடல்நீரை உள்ளே விடச் சொன்னார். எரிகிற கப்பலை மூழ்கடிக்கும் வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர்தான் தீயின் வேகத்தைக் குறைத்து அரை நாளுக்கும் மேல் அவகாசம் வாங்கித் தந்தது. நள்ளிரவு தாண்டித்தான் வெடிமருந்து அறை வெடித்தது. ஆனால் கீழே இருந்த நோயாளிச் சிப்பாய்கள் சிலரும், ஒரு பெண்ணும், சில குழந்தைகளும் மேலே வர முடியாமல் இறந்தார்கள். அந்தக் கணக்கையும் மறக்கக் கூடாது.

மீனவர் ஒருவர்: அந்தக் கடலில் ஆட்களை ஏற்றும் படகு கப்பலோடு எப்படி ஒட்டியது?

பக்கவாட்டில் ஒட்டவே முடியவில்லை. கப்பலின் பின்னால் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பாய்ச்சட்டத்தில் ஊர்ந்துபோய், அதன் நுனியிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டியிருந்தது. மீட்க வந்த கேம்ப்ரியா சுமார் 200 டன் சிறிய கப்பல்தான். மெக்சிகோவுக்குப் போன, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளிகள் அதில் இருந்தார்கள். வெடிக்கும் என்ற பயத்தில் கேம்ப்ரியா தள்ளியே நின்றது. படகு பக்கத்தில் வந்ததும் அந்தத் தொழிலாளிகள் ஆட்களை ஒவ்வொருவராக மேலே இழுத்துப் போட்டார்கள். படகை ஓட்டிவந்து, திரும்பிப் போகத் தயங்கிய கென்ட் மாலுமிகளிடம், மற்றவர்களையும் கொண்டுவராவிட்டால் உங்களை ஏற்ற மாட்டேன் என்று கேம்ப்ரியா கேப்டன் குக் கறாராக நின்றார். என்னைக் கேட்டால் அன்று அதிக உயிர்களைக் காப்பாற்றியது இந்தக் கண்டிப்புதான்.

இல்லத்தரசி: பெண்கள், குழந்தைகளை முதலில் அனுப்பினார்களா?

அனுப்பினார்கள், உத்தரவே அதுதான். ஆனாலும் இறந்த எண்பது பேரளவில் சிப்பாய்களுக்கு அடுத்தபடியாக அதிகம் போனவர்கள் குழந்தைகளே. தப்பியவர்களில் 31-ஆம் ரெஜிமென்டின் மேஜர் மெக்கிரெகரின் சில வாரக் கைக்குழந்தை ஜானும் உண்டு. பிற்காலத்தில் ஐரோப்பா முழுக்கச் சிறு படகு ஓட்டிப் பிரபலமானவர் அவர்தான்.

கடலூர்க்காரர் மறுபடியும்: பாட்டில் கதை நிஜமா?

நிஜம். கப்பல் எரியும்போது மேஜர் மெக்கிரெகர் எழுதிப் பாட்டிலில் போட்ட சீட்டு ஒன்றரை வருடம் கழித்து மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பார்படோஸ் கரையில் கிடைத்தது.

வேறொருவர்: கேப்டன்தான் கடைசியாக இறங்கினாரா?

கிட்டத்தட்ட. சிலர் பயத்தில் உறைந்து எவ்வளவு கெஞ்சியும் இறங்க மறுத்துவிட்டார்கள். அவர்களை விட்டுவிட்டுத்தான் காப் போனார். வெடித்த பிறகு மிதந்த மரத்தில் தொற்றிக்கொண்டிருந்த 14 பேரை, அந்தப் பக்கம் வந்த கரோலின் என்ற கப்பல் ஏற்றிக்கொண்டது.