ஓடைக்குப் பெயர் இல்லையா?

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் சேலம், அம்மாப்பேட்டை. வயது 26. பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் வீடு. சேலத்தில் உண்மையிலேயே தீவிரமாக இயங்கி, பலன் காட்டுகிற அமைப்பு எது என்று சொல்லுங்கள், சேர்ந்துவிடுகிறேன். மூன்று வாட்ஸப் குழுக்களில் சேர்ந்து பார்த்தேன். மரக்கன்றோடு போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. இந்த ஊரில் எதுவுமே நடப்பதில்லை. கட்சி சார்ந்தது வேண்டாம், நன்கொடை வாங்குவதும் வேண்டாம். சட்டத்துக்கு உட்பட்டுத்தான் போராட வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓடையில் ஒருநாள் சிவப்பாக, ஒருநாள் நீலமாகச் சாயத்தண்ணீர் ஓடுகிறது. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கடிதம் வந்த அன்று பரணிலிருந்து பழைய காகிதக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் குழு நாற்பது வருடங்களுக்கு முன் அடித்த நோட்டீஸ் ஒன்று கையில் உதிர்ந்தது. அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் ‘எந்த அமைப்பில் சேரலாம்’ என்று கேட்கும் கடிதங்களை நான் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவேன்.

முதலில் ஒரு திட்டு. சேலத்தில் எதுவுமே நடப்பதில்லை என்று சேலத்துக்காரரே எழுதலாமா? 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது இந்த ஊரில். 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊர் மத்தியச் சிறையில். அதெல்லாம் தாத்தா காலம் என்பீர்கள். சரி, 2010-க்குப் பிறகு மூக்கனேரிப் பக்கம் போயிருக்கிறீர்களா? சேலம் மக்கள் குழு என்ற பெயரில் ஊர்க்காரர்கள் இறங்கி, தூர்வாரிய மண்ணையே ஏரிக்குள் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று அங்கே பறவை அடைகிறது. அவர்களும் மரக்கன்றோடு போட்டோ எடுத்தார்கள் தம்பி. எடுத்தபிறகு வீட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி என் கதை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஏழு பேர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு மேல் அறை எடுத்திருந்தோம். தீவிரம் என்றால் எங்களைப் போலத் தீவிரம் கிடையாது. இந்தியா அரை நிலப்பிரபுத்துவ நாடா, முதலாளித்துவ நாடா என்பதில் விடிய விடிய விவாதம். கீழே கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறவர்களின் இருமலும் ஆசிட் நெடியும் படிக்கட்டு வழியாக மேலே வரும். ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். உழைக்கும் வர்க்கத்தைத் தேடி எந்தக் கிராமத்துக்குப் போகலாம் என்று ஒரு மாதம் பேசியிருக்கிறோம், அதே ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் கிடையாது. ஒருநாள் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார். “படிச்ச புள்ளைங்க இத்தன பேரு இருக்கறீங்க. கொழாய்க்கு ஒரு மனு எழுதித் தாங்க சாமி.” எங்கள் தோழர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஆளும் வர்க்கத்திடம் மனுக் கொடுத்துக் கெஞ்சுவது சீர்திருத்தவாதம், அது போராட்ட உணர்வை மழுங்கடிக்கும். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப எழுத மாட்டீங்களா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். காசு கொடுத்து ஒரு மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கினார். தெருவில் கையெழுத்து வாங்கினார், கைநாட்டும் வாங்கினார். எத்தனை முறை நடந்தாரோ, அடுத்த கோடைக்குள் தெருமுனையில் குழாய் வந்தது. அதற்குள் நாங்கள் நான்கு, மூன்று என்று இரண்டாக உடைந்திருந்தோம். இரண்டு கோஷ்டியும் அந்தக் குழாயில்தான் குடம் வைத்தது.

கூச்சமாக இருக்கிறது, இப்போதும்.

அந்த அம்மாவிடம் ஒரு மஞ்சள் பை இருந்தது. கொடுத்த மனுவின் நகல், சீல் அடித்த ரசீது, எந்தத் தேதியில் யாரைப் பார்த்தார் என்று மகன் எழுதிய தாள், எல்லாம் அதில். எங்களிடம் இருந்தது துண்டறிக்கை மட்டும். நீங்கள் எந்த அமைப்புக்குப் போனாலும் கொள்கை என்ன என்று கேட்காதீர்கள், கொடி என்ன நிறம் என்றும் பார்க்காதீர்கள். ஃபைலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

இதைப் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் வாச்சாத்தி. சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, சித்தேரி மலையடிவாரத்துக் கிராமம். அந்தப் பக்கமெல்லாம் 1965 வரை நம் சேலம் ஜில்லாதான். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் வழக்கைக் கையிலெடுத்தது. ஆமாம், கட்சி சார்ந்த சங்கம்தான். 1995-இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு. தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டிலும் 2023-இல் தண்டனை உறுதியானது. பத்தொன்பது வருடம் வாய்தா வாய்தாவாக, சாட்சி சொல்லும் பெண்களைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், சாப்பாடு வாங்கிக்கொடுத்து, பயந்தவர்களிடம் பேசி, திரும்பக் கூட்டிவந்து விட்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் இருந்தது அரசாங்கம். இதைவிடத் தீவிரமான ஒன்றை எனக்குக் காட்டுங்கள். பலன் எப்போது என்று முதல் மாதமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையும் அப்படித்தான். 2018-இல் பூலாவரியிலும் குப்பனூரிலும் நிலமெடுக்கக் கல் நட்டபோது வயலில் விழுந்து அழுத பெண்களைத்தான் டிவியில் பார்த்தோம். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்ததற்குப் பின்னால் பட்டாவும் ஆட்சேபணை மனுவுமாக அலைந்தவர்கள் இருந்தார்கள். அதை யார் படம் பிடிப்பது? உச்சநீதிமன்றம் பிறகு வேறு மாதிரிச் சொன்னது, அது தனிக் கதை.

நன்கொடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணக்கு எழுதினால் வாங்கலாம். சட்டத்துக்கு உட்பட்டா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சட்டம் வரைக்கும் போய்ப் பாருங்கள், அதுவே வெகுதூரம்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த ஓடைதான். அமைப்புகளைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு ஓடைக்கு இரண்டு வரி. அதற்குப் பெயர் கூட எழுதவில்லை. தெரியாது, அப்படித்தானே? திருமணிமுத்தாற்றில் போய்ச் சேருகிறதா? விஏஓ ஆபீஸில் கிராம வரைபடம் இருக்கும், நிலக் கணக்கான ‘அ’ பதிவேடு இருக்கும். சர்வே நம்பரைப் பாருங்கள், ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிறதா, எத்தனை அகலம் என்று பாருங்கள். எந்தக் கிழமை சிவப்பு, எந்தக் கிழமை நீலம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் சனி ஞாயிறுதான் ஊரில் இருப்பீர்கள், ஆகவே மற்ற நாட்களுக்கு அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தரவேண்டும். வராது. அதையும் ஃபைலில் வையுங்கள்.

பெயர் தெரிந்ததும் எழுதுங்கள். தெருவில் வயதான அம்மா யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள்.