ஆய்வாளர் தடை போட்ட பவர் பிரஸ்ஸைச் சும்மா ஓட்டிப் பார்க்கலாமா?

முன்கூட்டிச் சொல்லாமல் நைட் ஷிஃப்டில்கூடத் தொழிற்சாலை ஆய்வாளர் பட்டறைக்குள் நுழையலாமா?
நுழையலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81-ம் உடன்படிக்கை (1947) இரவு பகல் பார்க்கவில்லை. அதை ஏற்ற நாடுகளில் இதுதான் அடிப்படை. அடையாள அட்டையைப் பாருங்கள், வாசலில் காக்க வைக்காதீர்கள்.

புகார் கொடுத்தவர் பெயரை முதலாளியிடம் சொல்வாரா?
கூடாது. புகாரின் பேரில்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லக் கூடாது.

அவகாசமே தராமல் மெஷினை நிறுத்தச் சொல்ல முடியுமா?
ஆபத்து உடனடியானது என்றால் முடியும். மற்றக் குறைகளுக்குக் கெடு வைப்பார். சில நாடுகளில் அவரே உத்தரவிடுவார்; சில இடங்களில் மேலதிகாரியிடம் கேட்டுத்தான்.

பவர் பிரஸ்ஸுக்கு (தகட்டை அழுத்தி வெட்டும், வளைக்கும் மெஷின்) ஆய்வாளர் தடை போட்டுவிட்டார். கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டை மாட்டிவிட்டோம். சும்மா பத்து பீஸ் ஓட்டிப் பார்க்கலாமா?
கூடாது. பிரஸ்ஸில் என்ன வகைக் கிளட்ச், உத்தரவில் எழுதிய குறை என்ன, எதுவும் சொல்லாமல் இதைக் கேட்பவர்கள் உத்தரவை இன்னொரு முறை படியுங்கள். தடை நீங்கியது என்று ஆய்வாளர் எழுதித் தரும்வரை தடைதான். சோதனைக்கு ஓட்டியே ஆகவேண்டும் என்றால் அதற்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கார்டு இருந்தால் மட்டும் போதாது. அது திறந்திருக்கும்போது ரேம், அதாவது மேலிருந்து இறங்கி அழுத்தும் பகுதி, இறங்கவே கூடாது. பல பட்டறைகளில் கார்டுக் கதவிலிருக்கும் இன்டர்லாக் சாவியை (கதவு மூடினால்தான் ஸ்விட்சில் செருகி மெஷினை ஓடவிடும் துண்டு) கழற்றி, ஸ்விட்சிலேயே செருகி டேப் சுற்றிவிடுகிறார்கள். கதவு மூடியிருப்பதாகவே மெஷின் எடுத்துக்கொள்ளும், கை உள்ளே இருந்தாலும். ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. ஷிஃப்டுக்கு இருபது தடவை ஷீட் சிக்கினால் எவரும் இதைத்தான் செய்வார். டையையும் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) ஷீட்டை உள்ளே தள்ளும் ஃபீடையும் சரிசெய்யுங்கள், டேப் தானாகப் போகும்.

சிக்கியதை எடுக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது. மெயினை அணைத்துப் பூட்டுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். மோட்டார் நின்றாலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றும். அது முழுதாக நிற்கட்டும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று பாருங்கள். ரேம் கீழே விழாமல் தாங்கும் சேஃப்டி பிளாக்கை அதன் அடியில் கொடுத்த பிறகே கையை விடுங்கள்.

பெஞ்ச் கிரைண்டரில் கல்லுக்கும் டூல் ரெஸ்டுக்கும் (வேலைப்பொருளைத் தாங்கும் பலகை) இடைவெளி எவ்வளவு?
3 மி.மீ.க்குள். கல் தேயத் தேய ரெஸ்டை நகர்த்துங்கள். விட்டால் வேலைப்பொருள் இடையில் இழுபட்டுக் கல் சிதறும். இங்கும் ஸ்விட்ச் போதாது, மெயினைப் பூட்டிவிட்டு நகர்த்துங்கள். கல்லில் அச்சிட்ட வேகம் மோட்டார் வேகத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கல்லை மாட்டவே வேண்டாம்.

ஆபத்து என்று மெஷினை விட்டு விலகினால் என்னைத் தண்டிக்கலாமா?
உயிருக்கோ உடலுக்கோ உடனடியாகப் பெரிய ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் தண்டிக்கக் கூடாது. அதே பன்னாட்டு அமைப்பின் 155-ம் உடன்படிக்கை (1981), அதை ஏற்ற நாடுகளுக்கு இப்படிச் சொல்கிறது. விலகியதும் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். எந்த மெஷின், என்ன குறை, எத்தனை மணி என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.